வந்த வைத்தியர்

(கல்முனையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் "வந்த வைத்தியர்". பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து, பாஷை தெரியாத ஒரு நாட்டுப்புறத்துக்குப் போய், அங்கே உழுகிறவனுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும் மருந்து கொடுத்து வாழ்கிறாரே ஒரு வைத்தியர், அவரைப் பற்றிப் பேசப்போகிறேன். இதைக் கல்முனையில் ஏன் பேசவேண்டும்? நம் பிள்ளைகள் அப்படிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதனால் பேசவேண்டும். நம் ஆசுபத்திரிகளுக்கும் அப்படி வைத்தியர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், அதனாலும் பேசவேண்டும். போகிறவரும் வைத்தியர், வருகிறவரும் வைத்தியர். அந்த இருவருக்கும் நடுவில் நோயோடு நிற்பது யார்? நம்முடைய உம்மா. நம்முடைய வாப்பா.

முதலில் போகிறவர்களைப் பார்ப்போம். 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது எத்தனை வைத்தியர்கள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்திலேயே மகனை அனுப்பிய தாய் இருப்பார், மருமகனை அனுப்பிய மாமா இருப்பார். அவர்கள் எல்லாரும் லண்டன் மாநகரத்திலும் சிட்னி நகரத்திலுமா வேலை செய்கிறார்கள்? இல்லை. அவுஸ்திரேலியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் படித்து வந்த வைத்தியர், வைத்தியர் பற்றாக்குறையான பகுதிகளிலேதான் அரசின் மருத்துவக் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுத் தொழில் செய்யலாம். அந்தக் கட்டுப்பாடு பத்து வருடம் வரை நீளும். அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு 1994 முதல் நடக்கிறது. அங்கே மேற்படிப்புப் படித்த வெளிநாட்டு வைத்தியர் தன் நாட்டுக்குத் திரும்பாமல் இருக்கவேண்டுமானால், வைத்தியர் இல்லாத ஒரு பின்தங்கிய பகுதியில் மூன்று வருடம் வேலை செய்யவேண்டும். அப்படித்தான் நம்முடைய பிள்ளை குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டுக்குப் போய்ச் சேருகிறான். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. ஆயிரக்கணக்கில் மாடு. அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மணித்தியாலம் வாகனம் ஓட்டவேண்டும். அங்கே குதிரையிலிருந்து விழுந்தவனுக்கும், காளை முட்டியவனுக்கும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கும் அவன்தான் வைத்தியன்.

அந்தப் புல்வெளி தேசம் வைத்தியர் இல்லாத குறையை ஒருகாலத்தில் எப்படித் தீர்த்தது தெரியுமா? 1928 மே மாதம், குவீன்ஸ்லாந்தில் குளொன்கரி என்ற சிற்றூரிலிருந்து ஒரு வைத்தியர் சிறிய விமானத்தில் ஏறிப் பறந்தார். ஜோன் பிளின் என்ற போதகர் பல ஆண்டு கண்ட கனவு அன்று நிறைவேறியது. பறக்கும் வைத்திய சேவை அப்படித்தான் பிறந்தது. பின்னர் தூரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் ஒரு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். கூடவே மனித உடம்பின் படம் ஒன்று. அதிலும் வயிறு, விலா, முதுகு எல்லாம் இலக்கமிட்ட கட்டங்கள். பண்ணைக்காரி வானொலியில் வைத்தியரைக் கூப்பிட்டு, இந்த இலக்கத்தில் வலிக்கிறது என்பாள். வைத்தியர், பெட்டியில் இத்தனையாம் இலக்க மருந்தைக் கொடு என்பார். கவனியுங்கள்! இருவரும் பேசியது ஒரே மொழி, ஆங்கிலம். அப்படியிருந்தும், வலி எந்த இடத்தில் என்பதில் ஒரு சொட்டுப் பிசகும் வந்துவிடக்கூடாது என்று படம் வரைந்து இலக்கம் போட்டார்கள். ஒரே மொழி பேசுகிறவர்களுக்கே இவ்வளவு முன்னேற்பாடு என்றால், வைத்தியர் ஒரு மொழியும் நோயாளி வேறொரு மொழியும் பேசுகிற இடத்தில் என்ன செய்திருக்கவேண்டும்?

இந்தக் கேள்விக்கு நம் தீவிலேயே ஒரு மனிதர் பதில் சொல்லிவிட்டார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இந்த உரையின் பெரும்பகுதியை அவருக்கே கொடுக்க விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தார் அறிந்த பெயர். கிழக்கிலே நாம் இன்னும் போதிய அளவு அறியாத பெயர்.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822இல்தான். ஒருவர் கடல் கடந்து கிறிஸ்தவம் சொல்ல வந்தவர். மற்றவர் அந்தப் பிரசாரத்தை எதிர்த்துச் சைவத்தைக் காத்தவர். இருவரும் தமிழ் உரைநடையில் நூல் எழுதினார்கள் என்பதை நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. கிறீனின் அண்ணன் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க் நகரத்தின் பெரும் பூங்காவை உருவாக்குவதில் முன்னின்றவர். செல்வாக்குள்ள குடும்பம். தம்பி 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அந்தப் பெருநகரத்திலேயே இருந்து பணமும் பேரும் சம்பாதித்திருக்கலாம். இருந்தாரா? 1847இல் கப்பல் ஏறினார். அமெரிக்க மிஷன் அனுப்பிய வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். பனையும் புகையிலையும் நெல்லும் மாடும் உள்ள ஊர். இடையில் உடல்நலம் கெட்டுச் சில ஆண்டு தாய்நாட்டில் இருந்ததைத் தவிர, 1873 வரை அவர் வாழ்க்கை அங்கேதான் கழிந்தது.

அவர் மதம் பரப்ப வந்தவர். அதை நான் மறைக்க மாட்டேன், மறைக்கத் தேவையும் இல்லை. நம்முடைய நம்பிக்கை வேறு, அவருடைய நம்பிக்கை வேறு. ஆனால் வைத்தியராக அவர் செய்த காரியம் எந்த மதத்தவனும் எழுந்து நின்று மதிக்கவேண்டிய காரியம்.

மானிப்பாயில் 1848இலேயே மாணவரைச் சேர்த்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறந்தது எப்போது? 1870இல். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு தனிமனிதர் ஒரு கிராமத்தில் மேற்கத்திய வைத்தியக் கல்வியைத் தொடங்கிவிட்டார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். மாணவர் நன்றாகப் படித்தார்கள், நல்ல வைத்தியரானார்கள். ஆனால் அவர் ஒன்றைக் கண்டார். ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடிப் போகிறான். கிராமத்துக்கு அவன் போவதில்லை. கொள்ளை நோய் வந்து ஊர் ஊராகச் சனம் சாகும்போது பக்கத்தில் இருக்கவேண்டியவன் தூரத்தில் இருக்கிறான்.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? நம் சனத்துக்கு இதுதான் விதி என்று விட்டிருப்பார். கிறீன் விடவில்லை. இரண்டாம் முறை வந்த பிறகு, 1864இல், இனி வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிப்பேன் என்று தீர்மானித்தார். தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான், அந்தச் சனத்தின் பேச்சிலே நோயைக் கேட்பான், அந்தச் சனத்தின் பேச்சிலே மருந்தைச் சொல்வான் என்பது அவர் எண்ணம். என் மாணவர் உடுப்பிலும் உணவிலும் பெயரிலும் தமிழராகவே இருக்கட்டும், வெள்ளைக்காரரைப் போல மாறவேண்டாம் என்றும் வற்புறுத்தினார். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், ஒரு வெள்ளைக்கார வைத்தியர் சொன்னது இது!

சரி, தமிழில் படிப்பிக்கப் புத்தகம் எங்கே? இருக்கவில்லை. ஆகவே எழுதினார். 1850களிலேயே உடற்கூறு நூலும் பிரசவ வைத்திய நூலும் வெளிவந்துவிட்டன. பிறகு 1867இல் "இரண வைத்தியம்" என்று அறுவைச் சிகிச்சை நூல். 1872இல் "மனுஷ அங்காதிபாதம்", "வைத்தியாகரம்". 1875இல் வேதியியலுக்குக் "கெமிஸ்தம்". அவரும் டான்வதர், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்களும் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல் செய்தார்கள். எலும்புக்கு எலும்பு, நரம்புக்கு நரம்பு பெயர் வைக்கவேண்டும். ஊர் நாட்டு வைத்தியர்களான பரிசாரிமார் வழங்கும் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடினார்கள். இருந்தால் அதையே எடுத்தார்கள். இல்லாவிட்டால் வடமொழியில் தேடினார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினார்கள். பரிசாரியின் வாயில் இருந்த சொல்லை அமெரிக்கப் பட்டதாரி கைகட்டி வாங்கி அச்சில் ஏற்றினார். பட்டம் பெற்றவர்களே, இந்தப் பணிவு நம்மிடம் இருக்கிறதா?

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். தாய்நாடு திரும்பிய பிறகும் ஓயவில்லை. வூஸ்டரில் பனி கொட்டும் வீட்டில் இருந்துகொண்டு தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருள்படத் தன் கல்லறையில் எழுதும்படி கேட்டிருந்தார், அப்படியே எழுதினார்கள். மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் தமிழில் வைத்தியம் படிப்பிக்கும் முயற்சி அவருக்குப் பிறகு நீடிக்கவில்லை. ஆங்கிலமே வென்றது. இன்றைக்கும் இலங்கையில் மருத்துவபீடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அதை மாற்றவேண்டும் என்று நான் இங்கே கேட்கவில்லை. படிப்பு ஆங்கிலத்தில் இருக்கட்டும். நோயாளியோடு பேசும் பேச்சு எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதே என் கேள்வி.

இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். மேரி ரட்ணம், கனடாவில் பிறந்த பெண் வைத்தியர். 1896இல் மிஷன் வேலைக்காக இலங்கை வந்தவர், ஒரு தமிழரை மணந்தவர். அந்தத் திருமணத்தாலேயே மிஷன் அவரைக் கைவிட்டது. அவர் இந்த நாட்டைக் கைவிடவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். கிராமத்துப் பெண்களுக்காக மகிளா சமிதி இயக்கத்தைத் தொடங்கினார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். இங்கேயே வாழ்ந்து இங்கேயே 1962இல் கண்மூடினார்.

நம் முஸ்லிம் சமூகத்துக்கும் இது புதிய கதையா? இப்னு சீனாவை நினையுங்கள். புகாரா அருகே 980இல் பிறந்தவர், ஊர் ஊராக, அரசவை அரசவையாக அலைந்து வைத்தியம் பார்த்துக்கொண்டே பெரும் நூல் எழுதி, 1037இல் ஹமதானில் மறைந்தார். நம் மூத்தவர்கள் நம்பிய யூனானி வைத்தியம் அந்த வந்த வைத்தியரின் நூலிலிருந்தும் கற்ற வைத்தியம். கண்டி அரசர்களுக்கு முஸ்லிம் குடும்பத்தவர் பரம்பரை பரம்பரையாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு ஏன்? 1626இல் போர்த்துக்கேயர் துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றில் படிக்கிறோம். வந்தவரை வாழவைத்த மண் இது. வந்து வாழ்ந்த மக்களும் நாம்தான்.

கிறீன் வேலை செய்தது வடக்கில்தான். இங்கே கிழக்கில் நோய் பார்த்தவர்கள் பரிசாரியாரும் முறிவு வைத்தியரும் மருத்துவிச்சியும்தான். பிறகு அப்போதிக்கரி ஐயா வந்தார். யுத்த காலத்தில் மட்டக்களப்பில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வேலை செய்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து மருதமுனையையும் பெரியநீலாவணையையும் சாய்ந்தமருதுவையும் அள்ளிக்கொண்டு போனபோது பல நாட்டு வைத்தியர்கள் கூடாரம் அடித்துக் காயம் கட்டினார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆபத்துக்கு வந்தார்கள், ஆபத்து தீர்ந்ததும் போனார்கள். ஆண்டு முழுக்க நம்மோடு இருப்பவர் யார்?

ஆண்டு முழுக்க இருப்பவர் மாத்தறையிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வந்த இளம் வைத்தியர். முதல் நியமனம், முதல் வெளியூர். தமிழ் தெரியாது. மாலையில் விடுதி அறையில் தனியாக இருக்கும் அந்தப் பிள்ளை கடல் கடந்து வரவில்லை. ஆனாலும் அவர் நமக்கு வந்த வைத்தியர்தான். குவீன்ஸ்லாந்துப் புல்வெளியில் நம் மகன் எப்படியோ, கல்முனைக் கரையில் அந்தத் தாயின் மகன் அப்படி.

ஓர் ஆசுபத்திரியில், பெயர் வேண்டாம், வெளிநோயாளர் பிரிவில் உறவினருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான உம்மா. அவர் சொன்னார்: "மகன், நெஞ்சு கரிக்குது. இடது கை உளையுது. ராவைக்குப் படுத்தா மூச்சு முட்டுது." பக்கத்தில் நின்ற சிற்றூழியர் வைத்தியருக்குச் சிங்களத்தில் சொன்னது: "பப்புவே அமாருவக்." நெஞ்சில் ஒரு வருத்தம், அவ்வளவுதான். கரிப்பது போயிற்று. கை உளைவது போயிற்று. இரவில் படுத்தால் மூச்சு முட்டுவதும் போயிற்று. வைத்தியர் நல்லவர். அந்தச் சொல்லோடு விடவில்லை. தன் இடது கையைத் தானே தடவிக் காட்டி, "மெதன? மெதன?" என்று கேட்டார். உம்மா தலையாட்டினார். உடனே இருதயத் துடிப்புப் படம் எடுக்க அனுப்பினார். அவர் கையால் கேட்டதனால் அன்றைக்குத் தப்பியது. அறுபது பேர் வரிசையில் நிற்கும் நாளில் அவருக்குக் கையால் கேட்க நேரம் இருக்குமா?

இன்னொன்று சொல்கிறேன். வட்டமடு போன்ற நம் மேய்ச்சல் தரைகளில் பட்டிக்காரர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மாட்டோடு தங்குகிறார்கள். வாடியிலே தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். எண்ணெய் விரியன் பாம்பு கடிக்கும் நேரம் இரவு, கடிக்கும் இடம் தரையில் படுத்திருப்பவன் உடம்பு. கடித்த இடத்தில் வலி இராது, வீக்கம் இராது, பல் பட்ட அடையாளமும் சில வேளை தெரியாது. விடியற்காலையில் எழும்பும்போது வயிற்றுவலி. பிறகு கண் இமை தூக்க முடியாமல் சரியும். பிறகு மூச்சு நின்றுபோகும். இவன் ஆசுபத்திரிக்கு வந்து "வயிறு நோகுது" என்றால், அது வயிற்றுநோய் அல்ல என்று வைத்தியருக்கு எப்படித் தெரியும்? "ராத்திரி எங்க படுத்த? நிலத்திலயா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தெரியும். அந்த ஒரு கேள்வி தமிழில் வரவேண்டும். அந்தக் கேள்விக்கு ஓர் உயிரின் விலை இருக்கிறது.

தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. அரசாங்கம் செய்யவேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம், உரத்துக் கேட்போம். மொழிபெயர்ப்பாளர் கேட்போம். ஆனால் கிறீன் தன் அரசாங்கத்திடம் உத்தரவு கேட்டுக்கொண்டா நூல் எழுதினார்? நாம் செய்யக்கூடியதை நாம் செய்யவேண்டாமா?

என் வேண்டுகோள் இதுதான். நோயைப் பற்றி நம் சனம் பேசும் சொற்களைத் திரட்டி ஒரு கைநூல் செய்வோம். கரிக்குது, உளையுது, விறைக்குது, தலை சுத்துது, மூச்சு முட்டுது. ஒவ்வொன்றும் உடம்பில் எங்கே, எப்படி என்று படத்தோடு, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதி, புதிதாக வரும் ஒவ்வொரு வைத்தியரின் கையிலும் முதல் நாளே கொடுப்போம். மீனவர் பேச்சு வேறு, வட்டையில் வேலை செய்பவர் பேச்சு வேறு, பட்டிக்காரர் பேச்சு வேறு, எல்லாவற்றையும் எடுப்போம். பரிசாரியாரையும் மருத்துவிச்சிகளையும் கேட்போம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, மாலையில் ஒரு மணித்தியாலம் அந்த இளம் வைத்தியர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். தாய்மாரே, பெருநாளைக்கு அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் வைத்தியப் பிள்ளைகளே, இந்த உரை அச்சில் உங்கள் கைக்கு வந்தால், நீங்கள் இருக்கும் புல்வெளியிலிருந்தே இந்தக் கைநூலைத் திருத்திக்கொடுங்கள். கிறீன் வூஸ்டரிலிருந்து செய்த வேலை அது.

நாளைக்குச் சுபஹுக்குப் பிறகோ கோயில் பூசைக்குப் பிறகோ ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவரிடம் உட்காருங்கள். உடம்புக்கு ஏலாத நாளில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். எழுதியதை இந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். நான் இருந்து வாங்கிக்கொள்கிறேன்.